அட்டையில் வரைந்த கை

பாட்டுக்குக் கீழ்ச்சுருதி பிடிக்கும் பாஸ் கிட்டாருக்கு நான்கு கம்பி போதும் என்றுதான் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் ஆறுகம்பி என்பவனுக்கு இளக்காரம். நான்கு கம்பிக்காரர்களுக்கு அவன் 'சைக்கிள்காரர்கள்' என்று பெயர் வைத்திருந்தான். அவனிடம் ஆறு கம்பி பூட்டிய பாஸ் மூன்று இருந்தன. அவன் வாசித்த இசைக்குழுவில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது அதனால்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவான். ஆறுகம்பி என்றால் உடனே திரும்புவான்.

மூன்றும் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின. மூன்றும் அவனுக்கென்றே யாரோ கையால் செய்து கொடுத்தவை. கடையில் வாங்கியதா என்று ஒருவர் தெரியாமல் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. இந்த மாதிரி பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு கூட்டம் உண்டு. மரத்தின் பெயர், விரல் பதிக்கும் கழுத்தின் நீளம், கம்பியின் தடிமன் எல்லாம் எழுதிப் படம் போட்டுக்கொள்வார்கள். ஆறுகம்பி வாரத்துக்கு இரண்டு படம் போடுவான். வாசித்த நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். யாராவது வந்து அவன் எங்கே என்று கேட்டால் மனைவி, "உள்ளதான் இருக்கார். கம்பி எண்ணிக்கிட்டிருக்கார்" என்பாள்.

அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் என் வாய் புழுத்துவிடும். தாளம் அவனிடம் நின்றது, காதும் சுத்தமான காது. குறை கையில்தான். உடம்பையெல்லாம் ஒழுங்கான அளவில் செய்த கடவுள், கை மட்டும் தீர்ந்துபோய், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வைத்திருந்ததை எடுத்து மாட்டிவிட்டார். மற்றவர்கள் விரலை விரித்துத் தொடும் இடத்தை இவன் கையையே நகர்த்தித் தொடுவான். தெரியாதவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்தார்கள். அவன் அதை மறுக்கவில்லை. கை குலுக்க வந்தால் முஷ்டியை நீட்டுவான். நாற்பத்து மூன்று வயது வரை அவனுடைய கை சின்னது என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அவனுக்கு ஒரு தம்பி, ஆறு வயது இளையவன். டைல் கடையில் விற்பனையாளன். எட்டங்குல டைலை மேலிருந்து ஒரே கையால் கவ்வித் தூக்கி வாடிக்கையாளருக்குக் காட்டுவான். அவனும் பாஸ் வாசிப்பான். அவனிடம் இருந்தது பழைய நான்கு கம்பி ஒன்று, அதுவும் முனை பெயர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆறுகம்பி குளியலறையில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டபோது, தம்பிதான் நான்கு மாதம் குழுவில் வாசித்தான். குழுவின் பாடகரும் தலைவரும் ஒருவரே, அவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். அவர் ஒருநாள் ஒத்திகை முடிந்து வியர்வையைத் துடைத்தபடி, "உன் தம்பி வாசிக்கும்போது பாட்டு தரையில கால் ஊணி நிக்குதுடா" என்றார். புகழ்ந்தது தம்பியை, கேட்டுக்கொண்டு நின்றது அண்ணன். மறுவாரமே மணிக்கட்டில் கட்டுப் பிரிக்காமல் ஆறுகம்பி திரும்ப வந்துவிட்டான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொன்ன ஆளின் தம்பி பாஸ் வாசித்திருக்க மாட்டான்.

அதிலிருந்து ஆறுகம்பிக்கு உள்ளூர ஒரு பயம். கேப்டன் அதை இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டார்.

"அடுத்த வருஷக் கடைசியில புதுப் பாட்டெல்லாம் ரெக்கார்டிங்" என்றார் அவர். "எல்லாத்துக்கும் சுருதியைக் கீழ இறக்கியிருக்கேன். உன் ஆறு கம்பிக்கும் கீழ. கேக்கறவன் வயித்துல போய் இடிக்கணும். அந்த ஆழத்துக்கு யாரால போக முடியுதோ அவங்க வாசிக்கட்டும்."

யாரால என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஆறுகம்பியின் காதில் அது தம்பி என்று விழுந்தது. அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான். எட்டுக் கம்பி! வழக்கமான நான்குக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு. அப்படி ஒன்று தன் தோளில் தொங்கிவிட்டால் கேப்டன் வேறு யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்தப் பழமொழி மற்றவர்களுக்காகச் சொன்னது என்றுதான் ஒவ்வொருவனும் நினைக்கிறான்.

எட்டுக் கம்பி கட்டுவதில் பேர்போனவர் ஒருவர் இருந்தார். மர அறுவை மில்லுக்குப் பின்னால் பட்டறை, தனி ஆள், வருடத்துக்கு ஆறோ ஏழோதான் செய்வார். எல்லாரும் அவரை உளி என்பார்கள். ஆறுகம்பி தொலைபேசியில் பேசினான்.

"கம்பி எத்தனை?"

"எட்டு சார்."

"கை எத்தனை?"

"எல்லாரையும் போல ரெண்டுதான்" என்று சிரித்தான் ஆறுகம்பி.

அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. "இடது கையை விரிச்சு, கட்டைவிரல் நுனியிலேருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் எவ்வளவு வருதுன்னு கேட்டேன். ஒம்போது அங்குலத்துக்குக் கம்மின்னா நான் எட்டு கட்டறதில்ல. ஒருத்தருக்கு இரக்கப்பட்டுக் கட்டிக் குடுத்தேன். மூணே மாசத்துல அவருக்கு மணிக்கட்டு போச்சு. எனக்குப் பேரு போச்சு."

"ஒம்போதரை வரும் சார்."

"வாயால அளக்கற கை எல்லாம் பெருசாத்தான் இருக்கும். ஒரு அட்டையில கையை வச்சு, சுத்தி வரைஞ்சு அனுப்புங்க. அந்தக் கைக்குத்தான் கட்டுவேன்."

ஆறுகம்பி கதவைத் தாழிட்டுக்கொண்டு ஸ்கேலில் கையை வைத்துப் பார்த்தான். ஏழரை. விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு மேசையில் அழுத்திப் பார்த்தான். ஏழே முக்கால். அட்டையில் கையை வைத்து, பென்சிலைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பெரிதாக வரைந்தும் பார்த்தான். தவளையின் கால் மாதிரி வந்தது. உளி அதைப் பார்த்தால் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

மறுநாள் மதியம் டைல் கடைக்குப் போனான். தம்பி ஒரு தம்பதிக்குக் குளியலறைத் தரை விற்றுக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு ஆறுகம்பி ஒரு டைல் பெட்டியின் மூடியைக் கிழித்து மேசையில் போட்டான்.

"இடது கையை இதுல வை. நல்லா விரி."

"எதுக்குண்ணே?"

"வைடா, சொல்றேன்."

தம்பி வைத்தான். அட்டை போதவில்லை, சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. ஆறுகம்பி கடை பென்சிலால் ஒவ்வொரு விரலையும் சுற்றி நிதானமாக வரைந்தான். பத்து அங்குலம். கிச்சுக்கிச்சு மூட்டியது போலத் தம்பி நெளிந்து சிரித்தான். "எதுக்குன்னு சொல்லுங்கண்ணே."

"ஒரு விஷயம் இருக்கு. நேரம் வரும்போது தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆறுகம்பி புன்னகை செய்தான். அந்தப் புன்னகைதான் அவன் தம்பிக்குச் செய்த முதல் பாவம். பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள். சிரித்தான், அவ்வளவுதான். அட்டை அன்றைக்கே உளிக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உங்க தம்பி பொண்டாட்டி பேசினா. அழுகை அவளுக்கு. அண்ணன் எனக்காக எட்டுக் கம்பி பாஸ் கட்டச் சொல்லியிருக்காரு, கையை அளவெடுத்துட்டுப் போனாருன்னு உங்க தம்பி வீட்டுல கூத்தாடறாராம். அவர் வாசிச்ச அந்த நாலு மாசத்தை அண்ணன் மறக்கலன்னு அவளும் சேர்ந்து பூரிச்சுப் போயிருக்கா. என்னங்க இது?"

ஆறுகம்பிக்கு முதலில் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது; அதை நான் மறைக்கவில்லை. "அவனா நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றான்.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுங்க. நாள் ஆக ஆக நஞ்சு."

"சொல்றேன்."

சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் தம்பி மாறிப்போயிருந்தான். எந்த ஊர் நிகழ்ச்சி என்றாலும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து வண்டி ஓட்டினான். இரண்டு ஆள் தூக்கும் ஸ்பீக்கர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கினான். மேடையில் அண்ணனுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தான். தன் பழைய நான்கு கம்பியைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டான். இனி அது எதற்கு அவனுக்கு? பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து கேட்டான்.

"அண்ணே, ரகசியத்தைக் கேக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கழுத்து எவ்வளவு அகலம் வரும்?"

ஆறுகம்பியிடம் யாராவது அளவு கேட்டால் அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "தலைப்பக்கம் எழுபது மில்லி. உடம்புப் பக்கம் நூத்திப்பத்து" என்றான் கடகடவென்று.

தம்பி அந்த அளவில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டான். அதன் மேல் எட்டு நூல் கட்டினான். தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் சத்தமே வராத அந்தப் பலகையில் விரல் பழகினான். இப்படியே ஒரு வருடம்! ஒருமுறை அவன் வீட்டுக்குப் போன ஆறுகம்பி அதைக் கண்ணால் பார்த்தான். தம்பி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி நூலை மீட்டிக்கொண்டிருந்தான். ஆறுகம்பி வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் கேப்டன் ஒத்திகை அறையில் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "உன்கிட்ட மறைக்கல. ரெக்கார்டிங்குக்கு உன் தம்பியைக் கூப்பிட்டேன். முடியவே முடியாதுன்னுட்டான். எங்கண்ணன் எனக்காக எட்டுக் கம்பி கட்டறாரு, அவரு இடத்துல நான் குழி பறிக்க மாட்டேன்னான். நல்ல குடும்பம்டா உங்களுது. நீயே வாசி. ஆனா அந்த ஆழம் வேணும் எனக்கு, ஆமா."

ஆறுகம்பி தலையை ஆட்டினான். நல்ல குடும்பம் என்ற சொல் உறுத்தியது. வீட்டுக்கு வரும் வழியில் அந்த உறுத்தல் கரைந்து, நிம்மதியாக மாறியது. இடம் தப்பித்தது. எட்டுக் கம்பி வந்துவிட்டால் போதும். ரெக்கார்டிங் முடிந்த பிறகு தம்பிக்கும் அவ்வப்போது தொடக் கொடுக்கலாம். தொடக் கொடுப்பது என்றுதான் நினைத்தான், வாசிக்கக் கொடுப்பது என்றுகூட இல்லை.

பதினான்காம் மாதம் உளி கூப்பிட்டார். "கட்டி முடிச்சுட்டேன். பாலிஷ் போடல. கம்பி பூட்டி வெறும் மரமா வச்சிருக்கேன். கை நேர்ல வரணும். பிடிச்சு வாசிச்சுப் பாத்து, உறுத்தற இடத்தை இழைப்பேன். பாலிஷ் ஏறிட்டா அப்புறம் சாமியே வந்தாலும் கழுத்தைத் தொட மாட்டேன்."

தன் கையைக் கொண்டுபோனால் உளி வாசலிலேயே அனுப்பிவிடுவார். ஆறுகம்பி இரண்டு நாள் யோசித்தான். கடைசியில் தம்பியைக் கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி இரு. ஒரு இடத்துக்குப் போறோம்." ஞாயிற்றுக்கிழமை தம்பி இஸ்திரி போட்ட சட்டையும் ஒட்ட வெட்டிய நகமுமாக நின்றான். வண்டியில் போகும்போது, "வீட்டுல அவகூட வரேன்னா. நான்தான் வேணாம்னேன். அங்க நான் அழுது வச்சா அசிங்கமாயிடும்ல" என்றான். ஆறுகம்பி சாலையையே பார்த்து ஓட்டினான்.

பட்டறை முழுக்க மரத்தூள் வாசம். நடு மேசையில் அது கிடந்தது. பூச்சு ஏறாத வெளிர் மரம், கதவுச் சட்டம் போல அகலமான கழுத்து, அதன் மேல் எட்டுக் கம்பிகள். கீழ்க்கம்பி சுண்டுவிரல் தடிமன் இருக்கும் போலத் தெரிந்தது. உளி ஐம்பது வயதுக்காரர், புன்னகை பழக்கமில்லாத முகம். ஆணியில் மாட்டியிருந்த டைல் பெட்டி அட்டையை எடுத்து மேசையில் போட்டார்.

"யார் கை?"

தம்பி பள்ளிக்கூடத்தில் போலக் கையை உயர்த்தினான். உளி அதைப் பிடித்து அட்டையின் மேல் வைத்தார். கோட்டுக்குள் கை அச்சாக உட்கார்ந்தது. "சரி. உக்காரு. வாசி" என்றார். ஆர்டர் கொடுத்தவன் இவன்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆறுகம்பி அவரைத் திருத்தவில்லை.

தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு, உளி ஸ்பீக்கரில் ஒயரைச் சொருகும் வரை காத்திருந்தான். பிறகு கீழ்க்கம்பியை ஒரு தட்டு தட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்து அவன் விரல்கள் ஓடின. ஒரு வருடமாகச் சத்தமில்லாமல் பழகியதெல்லாம் இப்போது சத்தமாக வந்தது. கீழே ஒரு கனத்த நடை, அதன் மேலேயே ஒரு மெல்லிய பாட்டு, இரண்டும் ஒரே ஆளிடமிருந்து. எந்த இடத்திலும் கை நகரவில்லை, விரல்தான் போனது. உளி இரண்டு முறை நிறுத்தச் சொல்லி, கழுத்தின் பின்பக்கம் கத்தியால் ஒரு சுருள் எடுத்தார். மூன்றாவது முறை எதுவும் செய்யவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

ஆறுகம்பிக்கு மயிர் கூச்செறிந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவன் ஆயுளில் கேட்டதில்லை. ஆனால் அது சந்தோஷத்தால் இல்லை. பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் போல வந்த பொறாமை.

"இதுக்கு மேல இந்த மரத்தைத் தொட்டா பாவம்" என்றார் உளி. "நாளைக்கு பாலிஷ் ஏத்திடறேன். பின்னால என்ன பேரு பொறிக்கணும்?"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் பேரையும் சேர்த்துப் போடுங்க சார்" என்றான்.

நாளைக்கு பாலிஷ். இதை விட்டால் வேறு நேரம் இல்லை என்பது ஆறுகம்பிக்குப் புரிந்தது. "ஒரு நிமிஷம், நானும் பிடிச்சுப் பாக்கறேன்" என்று வாங்கினான். கட்டைவிரலைப் பின்னால் ஊன்றி மற்ற விரல்களைப் பரப்பினான். ஐந்தாவது கம்பியோடு விரல்கள் நின்றுவிட்டன. கீழ்ச்சுருதிக்கான மூன்று கம்பிகளும் அவனுக்கில்லை. கேப்டன் கேட்ட ஆழம் முழுக்க அந்த மூன்றில்தான் இருந்தது. மணிக்கட்டை வளைத்துப் பார்த்தான், தோளைத் தூக்கிப் பார்த்தான். வியர்த்தது.

"சார், இந்தக் கழுத்தைக் கொஞ்சம் ஒடுக்க முடியுமா?"

"எதுக்கு? அவருக்கு அளவெடுத்த சட்டை மாதிரி இருக்கே."

"வாசிக்கப்போறது நான்."

உளி அவன் கையைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். தம்பி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். முகத்துக்குச் செய்தி போய்ச்சேர நேரம் பிடித்தது.

"அண்ணே?"

"உனக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனாடா?" என்றான் ஆறுகம்பி. குற்றம் செய்தவனுக்குத்தான் கோபம் முதலில் வரும். "ஒரு தடவையாவது சொன்னேனா? நீயா நினைச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா அதுக்கு நானா பொறுப்பு? டைல் விக்கறவனுக்கு எதுக்குடா எட்டுக் கம்பி? எங்க போய் வாசிக்கப்போற?"

தம்பி மேசையில் இருந்த மரச்சுருளை எடுத்து ஓரமாக வைத்தான். "இல்லண்ணே" என்றான். "நீங்க சொல்லல. நாந்தான்."

உளி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "ஒம்போதரைன்னு சொன்ன வாய் உங்களுதா? பதினாலு மாசம் இந்தக் கைக்குன்னு கட்டிருக்கேன். ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இதை இவருகிட்ட குடுத்துடுங்க. உங்க கைக்கு ஒரு அஞ்சு கம்பி நானே கட்டித் தரேன். அதுல நீங்க ராஜா மாதிரி வாசிக்கலாம்."

எவ்வளவு நல்ல வழி! ஒரு 'சரி' போதும். ஆனால் தம்பி கையில் எட்டும் தன் கையில் ஐந்துமாக கேப்டன் முன்னால் நிற்பதை ஆறுகம்பி நினைத்துப் பார்த்தான். வைக்கோல்போரில் படுத்த நாய்க்கு வைக்கோல் வேண்டாம்தான். அதற்காக மாட்டுக்கு விட்டுவிடுமா? "ஆர்டர் என் பேர்ல இருக்கு. ஒடுக்குங்க" என்றான்.

உளி தம்பியிடம் திரும்பினார். "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி. நான் தொட மாட்டேன்."

தம்பி எழுந்து சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டான். "இழைங்க சார். நான் பிடிச்சுக்கறேன்."

கம்பிகளைக் கழற்றினார்கள். தம்பி உடம்புப் பகுதியை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். உளி இழைப்புளியை ஓட்டினார். இரண்டு ஓரத்திலும், பிறகு பின்பக்கத்திலும், சுருள் சுருளாக மரம் வந்து விழுந்தது. முதல் சுருள் விழுந்ததுமே அது தம்பியின் கைக்கு ஆகாமல் போய்விட்டது. ஆறுகம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு கீழ்த்தரமான ஒரு நிம்மதி.

"பிடிச்சுப் பாருங்க" என்றார் உளி.

ஆறுகம்பி பிடித்தான். சுண்டுவிரல் இன்னும் ஓரத்துக்கு வரவில்லை. "போதும்னு நினைக்கறேன்" என்றான்.

"இல்லண்ணே, வரலையே" என்றான் தம்பி. குரலில் கோபமே இல்லை. அண்ணனின் இடது கையைத் தன் கையில் எடுத்து, குழந்தையின் கையை விரிப்பதுபோல ஒவ்வொரு விரலாக விரித்து, கழுத்தின் மேல் வைத்துக் காட்டினான். "பாருங்க, இங்கயே நின்னுடுது. உங்களுக்குக் கை சின்னதுண்ணே. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு யாரும் சொல்றதில்ல. சார், இன்னும் இழைங்க."

ஆறுகம்பியின் காது மடல் சுட்டது.

இரண்டாவது சுற்று முடிந்ததும் உளி கத்தியைத் துடைத்தார். "உள்ள ரெண்டு எஃகுக் கம்பி ஓடுது. எட்டுக் கம்பியோட இழுவையை அதுதான் தாங்குது. அதுக்கு மேல இப்ப ரெண்டு மில்லி மரம்தான் மிச்சம். இத்தோட நிறுத்தினா பொழைக்கும்."

ஆறுகம்பி மறுபடி பிடித்துப் பார்த்தான். நகக்கண் அளவுதான் குறை. "இது போதும். பழகிக்கறேன்."

"அப்ப ஒரு வரி வாசிங்கண்ணே" என்றான் தம்பி. "கம்பி பூட்டச் சொல்றேன். கேப்டனோட புதுப் பாட்டு, அந்த முதல் வரி. சாரும் கேக்கட்டும்."

இரண்டு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வாசித்தால் தெரிந்துவிடும். வாசிக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. தம்பிக்கு முன்னால், அதுவும் இப்போது, முடியவே முடியாது. உளி ஒரு கம்பியை எடுத்துப் பூட்டத் தொடங்கினார்.

"வேணாம்" என்றான் ஆறுகம்பி. அவன் வாயால் அவனே சொன்னான்: "இன்னும் கொஞ்சம் இழைங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இன்னும் கொஞ்சம்தான் சார். இழைங்க."

உளி தோளைக் குலுக்கிக்கொண்டார். தன்னிடம் பொய் சொன்னவனுக்காக அவர் இதற்குமேல் இரக்கப்படுவதாக இல்லை. தம்பி குனிந்து, முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான். இழைப்புளி நான்கு முறை போய் வந்தது. ஐந்தாவது முறை சத்தம் மாறியது. மரத்தைச் சீவும் சத்தம் நின்று, கத்தி இரும்பில் கிறீச்சிட்டது. உளி உடனே கையை எடுத்துவிட்டார்.

தம்பி ஊதித் தூளை அகற்றினான். வெளிர் மரத்துக்கு நடுவே எஃகு ஒரு சாண் நீளத்துக்குப் பளபளத்தது. அவன் அதன் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தூக்கி அண்ணன் கையில் கொடுத்தான்.

"இப்பப் பிடிங்கண்ணே."

ஆறுகம்பி பிடித்தான். விரல்கள் சுற்றிக்கொண்டு போய் ஓரத்தைத் தொட்டன. எந்தச் சிரமமும் இல்லை. வாழ்க்கையில் ஒரு வாத்தியம் கூட இப்படி அவன் கைக்கு அடங்கியதில்லை.

"இதுல இனி ஒத்தைக் கம்பி பூட்டினாலும் வில்லா வளைஞ்சுடும்" என்றார் உளி.

"இருக்கட்டும் சார்" என்றான் தம்பி. அவன் மடித்த சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டான். "அண்ணனுக்கு அளவு சரியா வந்துடுச்சு."

பிறகு அவன் வெளியே போய், பேருந்து எந்தப் பக்கம் வரும் என்று மில் வாசலில் நின்ற ஒருவரிடம் கேட்டது உள்ளே நன்றாகக் கேட்டது. ஆறுகம்பிக்குக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிடவில்லை. உளி மேசையிலிருந்த மரச்சுருள்களைக் கூட்டித் தள்ளி, பட்டறை விளக்கை அணைக்கும் வரைக்கும் அவன் அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான்.